தெண்டம் கட்டுங்க... ரசீது கேளுங்க!

திருநெல்வேலிப் பக்கம் அபராதத்துக்குத் 'தெண்டம்' என்று பெயர். வேலைவெட்டி இல்லாத பிள்ளைக்குப் போடுவதும் தெண்டச் சோறுதான். கட்டுகிறவன் வயிற்றெரிச்சலை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லும் வார்த்தை வேறு பாஷையில் இருக்குமா, சந்தேகம்தான்!

முன்பு தெண்டம் போட ஊர்க்கூட்டம் இருந்தது. இப்போது குடியிருப்போர் நலச் சங்கம். ஆலமரத்துக்குப் பதில் ஷாமியானா, சொம்புக்குப் பதில் வாட்டர் பாட்டில். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

நான் குடியிருப்பது கங்கைகொண்டானில். சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு நகர். ஒரே போர்வெல், ஒரே மேல்நிலைத் தொட்டி. இரண்டின் சாவியும் சங்கத்திடம். இந்தச் சாவியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான்!

போன வருஷம் சங்கம் ஒரு ஜெராக்ஸ் நோட்டீஸ் விட்டது. வாசலில் துணி காயப்போட்டால் 100 ரூபாய். தெருவில் வண்டி நின்றால் 50. ராத்திரி பத்து மணிக்கு மேல் பைக் சத்தம் கேட்டால் 200.

மூன்றாவது தெருவில் ஒரு பையன். அப்பா இல்லை. அம்மாவும் அவனும்தான். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பவே பதினோரு மணியாகும். பைக்கைத் தோளிலா தூக்கி வர முடியும்? ஒன்பது நாள், 1,800 ரூபாய். "கட்ட மாட்டேன்" என்றான். மறுநாள் அவன் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது.

அதோடு விட்டார்களா? அந்த வீட்டுக்கு யார் தண்ணீர் கொடுத்தாலும் அவர்களுக்கும் 200 ரூபாயாம்! பழைய ஊர்விலக்கு பேன்ட் போட்டுக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது. அந்த அம்மா மூன்று நாள் இருட்டின பிறகு குடத்தோடு வந்தார்கள். எங்கள் வீட்டிலும் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை!

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ரிட்டயர்டு வி.ஏ.ஓ. அண்ணாச்சி ஒருவர் மெல்ல எழுந்தார்.

"மூணே கேள்விதான் செக்ரெட்டரி சார். இந்தத் தெண்டம் பைலாவுல எந்தப் பக்கத்துல இருக்கு? அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை வெளக்கம் கேட்டியளா? இதுவரைக்கும் வாங்கின பணத்துக்கு ரசீது எங்க?"

"ஊர் நன்மைக்குத்தானே அண்ணாச்சி செய்யுதோம். நீங்களே இப்படிப் பேசுதீயளே!"

"ஊர் நன்மைன்னா கணக்கும் ஊருக்குத் தெரியணும்லா?"

அண்ணாச்சி கேட்டது வெறும் வாய்ச்சவடால் இல்லை. எங்கள் சங்கம் 1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. அதற்கு அதிகாரம் தருவது பைலா. ஜெராக்ஸ் நோட்டீஸ் அல்ல. 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, இத்தனை ரூபாய் என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருந்தாலும் நியாயமான அளவுதான் வாங்கலாம் என்கிறது. மகாராஷ்டிரத்து வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி பைலாவில் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட வேண்டும். அபராதம் வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கட்டப் பஞ்சாயத்து சட்ட விரோதம் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான்.

நமக்குத்தான் இந்தத் தலைவலி என்று நினைக்காதீர்கள். குப்பை எடுக்கும் நாளை ஒட்டித் தொட்டியை வாசலில் வைத்ததற்கெல்லாம் அமெரிக்காவில் சங்கங்கள் ஃபைன் போட்டிருக்கின்றன. 2024-ல் ஃப்ளோரிடா மாநிலம் அதைத் தடுக்கச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று!

அதற்காகத் தெண்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் கூடி வாழும் இடத்தில் நாலு கட்டுப்பாடு வேண்டும். நடுராத்திரி சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பறப்பவனுக்கு ஃபைன் போட்டால் முதல் கைதட்டல் என்னுடையது. ஆனால் விதி முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும், வாங்கினதற்கு ரசீது வேண்டும். தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

கடைசியில் அண்ணாச்சி உத்தரமேரூருக்கே போய்விட்டார். "பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வே! கி.பி. 919, 921. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக் கூடாது. அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. நம்ம ஊருப் பேருலயே சோழன் இருக்கான். கொஞ்சம் பயந்துக்கிடுங்க!"

கூட்டம் சிரித்தது. செக்ரெட்டரியும் சிரித்தார், கொஞ்சம் லேட்டாக. அன்றைக்குச் சாயங்காலமே அந்த வீட்டில் தண்ணீர் வந்தது. 1,800 ரூபாய் ரத்து. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. இனி எழுத்தில் நோட்டீஸ், பதில் சொல்ல ஏழு நாள், பணத்துக்கு ரசீது.

ரசீது நம்பர் 1 யாருக்குப் போனது தெரியுமா? இரண்டு மாதமாகத் தெருவை அடைத்துக் கிடந்த ஜல்லிக் குவியலுக்கு. வீட்டுக்காரர், நம்ம செக்ரெட்டரி!