பென்டியம் 3-ன்னு சொல்லி வித்த பொட்டி

போன வாரம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். "மாமா, ராஸ்பெரி பைக்கு நானே கெர்னல் கம்பைல் பண்ணிப் போட்டேன். ஒண்ணுமே வரல. ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு, போர்டு செத்துப் போச்சான்னு தெரியல"ன்னான். அழல, ஆனா அழுகை பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"எந்த பை டா?"

"ஜீரோ மாமா."

"ஜீரோலயே பல ரகம் இருக்கே, எந்த ஜீரோ?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "வாங்கிக் குடுத்தவர் ஜீரோ டூன்னு சொன்னார் மாமா.." என்று இழுத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவனை நெனச்சு இல்ல, 2004ல ஒரு பில்லைக் கையில வச்சிக்கிட்டு நான் முழிச்ச முழியை நெனச்சு. அந்தக் கதையை அவன்கிட்ட பாதிதான் சொல்ல முடிஞ்சது. மீதியை இங்க எழுதிடறேன்.

அப்போ எம்.சி.ஏ. ரெண்டாம் வருஷம். வீடு திண்டுக்கல். அப்பா மின்வாரியத்துல வீடு வீடாப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் வந்து வெள்ளை அட்டையில எழுதிட்டுப் போவாங்களே, அந்த வேலை. பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான், வீட்ல ஒண்ணு இல்லன்னா எப்படின்னு பி.எஃப். லோன் போட்டு 2003ல ஒரு பொட்டி வாங்கிக் குடுத்தார். மதுரையில ஒரு கடை. பேரு வேண்டாம், இப்போ அந்தக் கடையும் இல்ல. கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிஞ்சவரோட தெரிஞ்சவர். பில்லுல தெளிவா எழுதியிருந்தது: பென்டியம் 3, 800 மெகாஹெர்ட்ஸ், 128 எம்பி ராம், 20 ஜிபி டிஸ்க். பென்டியம் 4 வந்து மூணு வருஷம் ஆகியிருந்தாலும் நம்ம பட்ஜெட்டுக்கு அதான் கெடைச்சது.

பொட்டி நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா ஏதோ ஒரு மந்தம். காலேஜ் லேப்ல இருந்த அதே 800 பென்டியம் 3ல பாட்டு ஓடும், கூடவே கம்பைலும் ஓடும். நம்ம வீட்டுப் பொட்டியில பாட்டு ஓடும்போது வேற வேலை ஆரம்பிச்சா எஸ்.பி.பி.க்கே திக்கும். நான் போட்டிருந்தது ஸ்லாக்வேர் 9.1. அதுல வந்த 2.4.22 கெர்னல்தான் மந்தத்துக்குக் காரணம்னு நானே முடிவு பண்ணிட்டேன். 2003 டிசம்பர்ல 2.6 வெளிவந்திருந்த நேரம் அது. பறக்குதுன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நாமளும் பறக்க வேண்டாமா? சிநேகிதன் ஒருத்தன் 2.6.5 சோர்ஸை சிடியில எழுதிக் குடுத்தான். பதிலுக்கு என் ஸ்லாக்வேர் சிடியை வாங்கிட்டுப் போயிட்டான். இந்தப் பண்டமாற்றை ஞாபகம் வச்சுக்கோங்க.

கெர்னல் கம்பைல் பண்றதுல பாதி வேலை கேள்விக்குப் பதில் சொல்றதுதான். மேக் மெனுகான்ஃபிக்னு அடிச்சா நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வரும். உன்கிட்ட என்ன சவுண்ட் கார்டு, என்ன நெட்வொர்க் கார்டு, என்ன ஃபைல் சிஸ்டம்னு கல்யாண புரோக்கர் மாதிரி கேட்டுக்கிட்டே போகும். அதுல முக்கியமான கேள்வி, புரோசஸர் ஃபேமிலி. 386, 486ல ஆரம்பிச்சு பென்டியம், பென்டியம் புரோ, பென்டியம் 3, பென்டியம் 4, கே6, அத்லான், அப்புறம் எவனும் கேள்விப்படாத சிலதுகள்னு ஒரு பெரிய லிஸ்ட். ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

இதுக்கு நாம சொல்ற பதில் பல இடத்துல போய் உக்காரும். மொதல்ல கம்பைலருக்குப் போகும், இந்தச் சிப்புக்கு என்னென்ன கட்டளை தெரியுமோ அத்தனையும் தாராளமா போட்டுக்கோன்னு. அப்புறம் கேஷ் வரியோட நீளம். 486ன்னா 16 பைட், பென்டியம் 3ன்னா 32, அத்லானுக்கு 64, பென்டியம் 4ன்னா 128னு கெர்னல் வச்சுக்கும். சில சிப்புக்குப் பொறக்கும்போதே வியாதி இருக்கும், அதுக்கு மருந்து சேர்க்கலாமா வேண்டாமாங்கிறதும் இதுலதான் முடிவாகும். 1997ல பழைய பென்டியத்துல ஒரே ஒரு தப்பான கட்டளை குடுத்தா மொத்த மெஷினும் உறைஞ்சு போகும்னு கண்டுபிடிச்சாங்களே, அதுக்கான மருந்து பென்டியம் 3க்குன்னு கட்டின கெர்னல்ல இருக்காது, தேவையில்லைன்னு விட்டுடும்.

பொதுவா கீழ இருக்கிற சிப்புக்குக் கட்டினது மேல இருக்கிறதுல ஓடும். 486க்குன்னு கட்டினது பென்டியம் 4லயும் பூட் ஆகும். தலைகீழா நடக்காது. (லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல லினக்ஸை ஆரம்பிச்சதே ஒரு 386லதான். 2012 டிசம்பர்ல அந்த 386 ஆதரவையே கெர்னல்லேருந்து எடுத்துட்டாங்க. 486லேருந்து இருக்கிற சில கட்டளைகள் 386ல கெடையாது, அதுக்காகவே தனியா கோடு தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது. பொறந்த வீட்டுக்கே கதவைச் சாத்தின கதை.)

நான் என்ன பண்ணினேன்? பில்லை எடுத்துப் பார்த்தேன். பென்டியம் 3. லிஸ்ட்ல பென்டியம் 3க்கு நேரா ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். முடிஞ்சது.

கம்பைல் ஆக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நடுவுல கரண்ட் வேற போச்சு. ஈ.பி.காரர் வீடுன்னு தனி லைனா இருக்கு? மறுபடி விட்ட இடத்துலேருந்து ஆரம்பிச்சு, ஒரு வழியா முடிஞ்சு, புதுக் கெர்னலைக் கொண்டு போய்ப் பழைய கெர்னல் மேலயே, அதே பேர்லயே காப்பி பண்ணி, லைலோவை ஓட்டி, ரீபூட் தட்டினேன். விஷயம் தெரிஞ்சவங்க இந்நேரம் தலையில கை வச்சிருப்பீங்க. பழைய கெர்னலை ஓரமா வேற பேர்ல வச்சிருக்கணும், லைலோவுல அதுக்குத் தனியா ஒரு வரி போட்டிருக்கணும். படிச்சிருந்தேன். படிச்சதெல்லாம் செஞ்சா நாம எங்கயோ போயிருப்போமே.

லைலோ வந்துச்சு. அன்கம்ப்ரெஸ்ஸிங் லினக்ஸ்னு ஒரு வரி வந்துச்சு. அதை முழுசாப் படிக்கிறதுக்குள்ள ஸ்க்ரீன் அணைஞ்சு மெஷின் தானே ரீபூட் ஆச்சு. மறுபடி லைலோ, மறுபடி அந்த வரி, மறுபடி ரீபூட். இப்படி ஒரு பத்து தரம் பார்த்தேன். பதினோராவது தரம் சரியாயிடும்ங்கிற மாதிரி.

அப்பா ராத்திரி வந்தார். "என்னடா, சுத்திச் சுத்தி அதே வருது?"ன்னார். "ஒண்ணுமில்லப்பா, அப்டேட்"ன்னேன். லோன் பிடித்தம் இன்னும் இருபது மாசம் பாக்கி. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல.

மறுநாள் காலையில மொத பஸ்ஸுல ஒட்டன்சத்திரம் போய், தூங்கிக்கிட்டிருந்த சிநேகிதனை எழுப்பி, ஸ்லாக்வேர் சிடியை வாங்கிட்டு வந்தேன். அந்த சிடியில ஒரு நல்ல விஷயம், பூட் ஆகும்போது சிடியில இருக்கிற கெர்னலை எடுத்துக்கோ, ஆனா ரூட்டு என் டிஸ்க்லதான்னு சொல்லலாம். சொன்னேன். லாகின் ப்ராம்ப்ட் வந்துச்சு. சாமி கும்பிட்டேன், நெசமாவே.

ஃபைல் எதுவும் போகல. ஆனா ஏன் பூட் ஆகலன்னு தெரியல. ரெண்டு தரம் கான்ஃபிக்கை மாத்தி மறுபடி கம்பைல் பண்ணினேன். ரெண்டு தரமும் அதே கதை. ஞாயித்துக்கிழமை, அப்பா வீட்ல. பின்னாடி ஒரு சேரைப் போட்டு உக்காந்துட்டார். அவருக்கு ஒண்ணும் புரியாது, ஆனா நான் பொய் சொல்றது புரிஞ்சிருச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். எந்தச் சிப்புன்னு கேக்குது, பென்டியம் 3ன்னு சொன்னேன், ஏத்துக்க மாட்டேங்குதுன்னு.

"பென்டியம் 3ன்னு உனக்கு யாரு சொன்னா?"

"பில்லுல இருக்கேப்பா."

"பில்லை விடுறா. மீட்டரைப் பாத்தியா?"

அவருக்கு வேற பாஷை தெரியாது. அட்டையில முந்தின ரீடிங் என்ன எழுதியிருந்தாலும் ஸ்டூலைப் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்துட்டுத்தான் எழுதுவார். அவருக்கு முன்னாடி வந்தவர் திண்ணையில உக்காந்தபடியே எழுதின கதையெல்லாம் நெறைய வச்சிருந்தார்.

மீட்டர் இருந்துச்சு. ப்ராக் டைரக்டரியில சிபியுஇன்ஃபோன்னு ஒரு ஃபைல், லினக்ஸ் கத்துக்கிட்ட மொத வாரமே தெரியும். ஒரு வருஷமா திறந்து பார்க்கல. ஏன் பார்க்கணும், பில்லு இருக்கே! ஆன் பண்ணும்போது பயாஸ்ல சிப்பு பேரு வரும்னு சொல்லுவீங்க. போர்டு கம்பெனியோட கலர் படம் அதை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு, டேப் கீயைத் தட்டினா விலகும்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

திறந்தேன். வெண்டார் ஐடின்னு போட்ட இடத்துல ஜென்யூன்இன்டெல் இல்ல. சென்டார்ஹால்ஸ்னு இருந்துச்சு. சிபியு ஃபேமிலி 6. மாடல் 7. பேரு வியா சாமுவேல் 2. வேகம் மட்டும் 800, அது நெசம்.

"யாருடா இந்தச் சாமுவேலு?"ன்னார் அப்பா.

சாமுவேல் வியா கம்பெனியோட சி3 சிப்புக்கு உள்ளுக்குள்ள வச்ச பேரு. அமெரிக்காவுல ஆஸ்டின்ல சென்டார்னு ஒரு சின்னக் கம்பெனி டிசைன் பண்ணினது, அதை 1999ல தைவானோட வியா வாங்கிருச்சு. பென்டியம் 3 உக்கார்ற அதே சாக்கெட் 370ல இதுவும் உக்காரும், அதான் வசதி. சும்மா சொல்லக்கூடாது, மோசமான சிப்பு இல்ல. சூடே ஆகாது, கரண்ட் கம்மியா தின்னும். ஆனா ரெண்டாம் கட்ட கேஷ் பென்டியம் 3ல 256 கேபின்னா இதுல 64தான். தசமக் கணக்கு போடுற பாகம் சிப்போட பாதி வேகத்துலதான் ஓடும். எஸ்.பி.பி. ஏன் திக்கினார்னு அப்போதான் விளங்குச்சு. கெர்னல் பாவம், அது மேல ஒரு தப்பும் இல்ல.

பூட் ஆகாததுக்குக் காரணம் சிமூவ்னு ஒரே ஒரு கட்டளை. நிபந்தனை சரியா இருந்தா மட்டும் இந்த மதிப்பை அங்க மாத்துங்கிறது அதோட வேலை. 1995ல பென்டியம் புரோவுல வந்தது. சி3 தன்னை ஃபேமிலி 6ன்னு, அதாவது 686 சாதின்னு சொல்லிக்கும். ஆனா சிமூவ் தெரியாது. அது பொய்யும் இல்ல, ஏன்னா இன்டெல்லே சிமூவுக்குன்னு தனியா ஒரு கொடி வச்சிருக்கு, அந்தக் கொடி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பயன்படுத்தணும். ஜிசிசி பார்க்கிறதில்ல. 686ன்னு சொல்லிட்டா சிமூவ் உண்டுன்னு எடுத்துக்கிட்டு இஷ்டத்துக்குத் தூவி விடும். தெரியாத கட்டளையைப் பார்த்ததும் சிப்பு திகைக்கும். அந்த நேரத்துல கெர்னல் இன்னும் எழுந்தே உக்காரல, பிழையைப் பிடிக்க ஆள் இல்ல. ரீபூட். சிபியுஇன்ஃபோவுல கொடி வரிசையைப் பார்த்தேன். எம்எம்எக்ஸ் இருக்கு, 3டிநவ் இருக்கு, சிமூவ் இல்ல, எஸ்எஸ்இ இல்ல.

இதுல கடுப்பு என்னன்னா, மெனுகான்ஃபிக்ல அந்த லிஸ்ட்லயே "சிரிக்ஸ் 3 / வியா சி3"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அதுல போய் ஹெல்ப்பைத் தட்டினா இந்தச் சிமூவ் கதையை நாலு வரியில எழுதியே வச்சிருக்காங்க. அதுக்குக் கீழயே சி3-2ன்னு இன்னொண்ணு. நெஹமையான்னு அடுத்த தலைமுறை, மாடல் 9. அதுல சிமூவ் உண்டு, எஸ்எஸ்இ உண்டு, ஆனா 3டிநவ் கெடையாது. அதனால சி3க்குக் கட்டினது சி3-2ல பூட் ஆகாது, அதுக்குக் கட்டினது இதுல ஆகாது. ஒரே சி3ங்கிற பேர்ல ரெண்டு ஆளு. மாடல் நம்பர் தெரியாம எதைத் தட்டியிருந்தாலும் குருட்டு அதிர்ஷ்டம்தான்.

மாடல் 7, அப்போ மேல இருக்கிறது. தட்டினேன். என் பழைய ஜிசிசிக்கு சி3ன்னா என்னன்னே தெரியாது, அந்த மாதிரி நேரத்துல கெர்னல் சத்தமில்லாம 486ன்னு சொல்லிக் கம்பைல் பண்ணிக்கும். பண்ணிக்கட்டும். இந்தத் தடவை பழைய கெர்னலுக்குத் தனி வரி, புதுசுக்குத் தனி வரி. ரீபூட்.

அன்கம்ப்ரெஸ்ஸிங் லினக்ஸ். ஓகே, பூட்டிங் த கெர்னல். அப்புறம் மடமடன்னு வரிகள். அப்பா எழுந்து வந்து ஸ்க்ரீன் பக்கத்துல குனிஞ்சார். "அந்தப் பேரு எங்கடா வருது?"ன்னார். மேல ஓடிப் போயிருச்சு. டிமெசேஜ் பார்த்துக் காமிச்சேன். சிபியு, சென்டார், வியா சாமுவேல் 2. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சார். அப்புறம் பில்லை வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

திங்கக்கிழமை லீவு போட்டுட்டு மதுரைக்குப் போனார். நான் வர்றேன்னேன், வேண்டாம்னுட்டார். சாயங்காலம் திரும்பி வந்தவர் கையில ஒரு 128 எம்பி ராம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்பாட்டிபிள்னு சொல்றான். பணம் இல்லியாம், இதைக் குடுத்தான்"னு மேசை மேல வச்சார். வேற ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "உன் படிப்புக்கு இது ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லு"ன்னார்.

"ஓடும்பா"ன்னேன். ஓடுச்சு. என் ஃபைனல் இயர் புராஜெக்ட் மொத்தமும் சாமுவேல்லதான். ராம் கூடினதுல கம்பைல் ஒன்றரை மணி நேரத்துக்கு எறங்குச்சு. அந்தத் தெரிஞ்சவரோட தெரிஞ்சவரைப் பத்தி எங்க வீட்ல அதுக்கப்புறம் பேச்சே வரல. அப்பா அவரைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிடுவார், அவ்ளோதான். ஏமாத்தினவர் மாறி நடக்கணும், இவர் ஏன் மாறினார்னு எனக்கு ரொம்ப நாள் கோபம்.

நிற்க. அக்கா பையன் விஷயம். முதல் ஜீரோவும் ஜீரோ டபிள்யூவும் ஏஆர்எம்வி6, ஒரே கோர். ஜீரோ 2 டபிள்யூங்கிறது நாலு கார்டெக்ஸ் ஏ53 கோர், 64 பிட். அதுக்குக் கட்டின கெர்னலை இதுல போட்டா கறுப்பு ஸ்க்ரீன்தான் வரும். டெபியனோட ஏஆர்எம் எச்எஃப் ஏஆர்எம்வி7க்கு மேலதான்னு இருந்ததால 2012ல முதல் ராஸ்பெரி பைக்காகவே எல்லாத்தையும் ஏஆர்எம்வி6க்குத் திரும்பக் கம்பைல் பண்ணி ராஸ்பியன்னு ஒண்ணைக் கொண்டு வரவேண்டி வந்தது. பழைய எஸ்டி கார்டைத் திரும்பப் போட்டு பூட் பண்ணி சிபியுஇன்ஃபோவைப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்துல வாட்ஸ்அப்ல படம் வந்துச்சு. கடைசி வரியில ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூன்னு இருந்துச்சு. 2 இல்ல.

"ஏமாத்திட்டாங்களா மாமா?"ன்னு கேட்டிருந்தான். வாங்கிக் குடுத்தது எங்க மச்சான். அவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமான்னே எனக்குத் தெரியல. என்ன பதில் எழுதறதுன்னு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ஏஆர்எம்வி6க்கு எந்த டெஃப்கான்ஃபிக்கை எடுக்கணும்னு மட்டும் எழுதி அனுப்பினேன்.

சாமுவேல் பொட்டி 2009 வரைக்கும் இருந்துச்சு. போர்டுல கெபாசிட்டர் வரிசையா வீங்கி ஒரு நாள் நின்னு போச்சு. கேபினெட் இன்னும் பரண்லதான் இருக்கு, தூக்கிப் போட அப்பா விடல.