“அரிய” நோய்

சொற்களை ஐயுற்று நோக்குதல் தமிழ் கற்பிப்போனின் கடமைகளுள் ஒன்று. எச்.ஐ.வி. தொற்றியோரைப் பீடிக்கும் நிணநீர்ப் புற்றுநோய்கள் சிலவற்றை மருத்துவ நூல்கள் “அரியவை” என்று வகுத்திருக்கின்றன. அச்சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. அருமை இயற்கையின் செயலா, மனிதர் செயலா?

உகண்டாவின் சிறுவர்க்குத் தாடையில் தோன்றும் கட்டியைப் பற்றி 1958இல் டெனிஸ் பேர்க்கிற் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். 1964இல் எப்ஸ்ரீனும் அவர்தம் தோழர் இருவரும் அக்கட்டியின் உயிரணுக்களில் ஒரு வைரசைக் கண்டனர். உலக மக்களுள் மிகப் பெரும்பாலானோரின் உடலில் அவ்வைரசு உறங்கிக் கிடக்கிறது. உடலின் காவல் அதனை அடக்கி வைத்துள்ளது. எச்.ஐ.வி. அழிப்பது அக்காவலையே. காவல் தளர்ந்த உடலில், அவ்வைரசின் துணையுடன் மூளையிலும் வாயிலும் புற்று முளைக்கக்கூடும். நெஞ்சறை நீரிலே வளரும் வகைக்குக் காரணமான வேறொரு வைரசு 1994இல் கண்டறியப்பட்டது.

1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய நாடுகளில், மூளையிற் தோன்றும் வகை வெகுவாகக் குறைந்தது. பேர்க்கிற் வகை அவ்வளவாகக் குறையவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் காவலை மீட்கும் மருந்து பல உயிர்களைக் காத்தது. அம்மருந்தின் விலையோ, ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேல்! மலிவு மருந்துக்கு வழிசெய்த தென்னாபிரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்காடிய 39 மருந்துக் கம்பனிகள், மக்கள் கிளர்ச்சியின் முன் 2001இல் வழக்கை மீட்டுக்கொண்டன. அதே ஆண்டில் இந்தியக் கம்பனியொன்று 350 டொலருக்கு அம்மருந்தைத் தர முன்வந்தது. அரிதாய் இருந்தது மருந்தே. அதனை அரிதாக்கியது இலாபம்.

எமது நாட்டின் அரச சிகிச்சை நிலையங்களில் இம்மருந்து இன்று இலவசம். எனினும், “அது நடத்தைக்குக் கிடைத்த கூலி” என்று எங்கள் ஆசிரியர் அறையில் நண்பரொருவர் கூறக் கேட்டேன். படித்தவர் வாயிற் பிறந்த அச்சொல், வகுப்பறைக்கும் வீட்டுக்கும் பரவும். நாணமூட்டப்பட்டவன் இரத்தப் பரிசோதனைக்குப் போகான். போகாதவன் மருந்து பெறான். காவல் முற்றும் சிதைந்தபின், கட்டியோடு வைத்தியசாலைக்கு வருவான்.

கம்பனிகளின் விலையை மக்கள் போராடி வீழ்த்தினர். நாணம் என்னும் விலையை விதிப்போர் நாமே. அதனை நீக்க நீதிமன்றம் வேண்டியதில்லை. ஆசிரியரும் மாணவரும் பேசும் மொழி மாறினாற் போதும்.