மாடி வீட்டின் மேல் போட்ட பழி

மொட்டைமாடித் தொட்டி விடிவதற்குள் காலியானதற்கு நான்தான் காரணம். பழியை மாடியில் குடியிருக்கும் பெண்ணின் மேல் போட்டேன். அவர் கணவர் லாரி டிரைவர். லைன் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. நாமக்கல்லில் இப்படி எத்தனையோ குடும்பங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் அந்தப் பெண், "அண்ணா, தண்ணி வர்லீங்க, மோட்டார் போடறீங்களா?" என்று படியில் நின்று கேட்பார். "ராத்திரிதானே ரொப்புனேன்? புள்ளைங்களக் குழாயத் தொறந்து விளையாட விடாதீங்க" என்று அதட்டுவேன். பதில் பேசாமல் மேலே போய்விடுவார். மோட்டார் கரண்டுக்கென்று வாடகையோடு கூடுதல் பணமும் வாங்கினேன்.

கசிவு எங்கள் வீட்டு ஃப்ளஷ் டேங்கில் இருந்தது. ராத்திரியில் அந்த உஸ்ஸென்ற சத்தம் காதில் விழாமல் இல்லை. கக்கூஸ் பேசினுக்குள் தண்ணீர் இடைவிடாமல் வழிவதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் டேங்க் மூடியைத் தூக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கக்கூஸ் சாமானில் கை வைப்பது என் வேலை இல்லை என்ற எண்ணம் எனக்குள் ஊறிக் கிடந்தது. சாதி ஊட்டி வளர்த்த அருவருப்பு அது. அந்த டேங்கில் இருப்பது நான் வாய் கொப்பளிக்கிற அதே தொட்டித் தண்ணீர்தான் என்று தெரிந்தும் கை போகவில்லை. போர்வெல்லை ஆழப்படுத்த என்ன ஆகும் என்று திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரிடம் விலைகூட விசாரித்தேன். ஆயிரம் அடிக்குப் பாறையைத் துளைக்கத் துணிந்தவன், ஒரு மூடியைத் தூக்கத் துணியவில்லை.

சமையலறைக் குழாய் மாற்ற வந்த பிளம்பர் தம்பிதான் சத்தத்தைக் கேட்டு, "சொட்டு நீலம் இருந்தாக் குடுங்கண்ணா" என்றார். டேங்கில் சில சொட்டுகள் விட்டார். யாரும் ஃப்ளஷ் பண்ணாமலேயே கால் மணி நேரத்தில் பேசின் தண்ணீர் நீலமானது. டேங்கின் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குக் கீழேயே நின்றது. அப்படியென்றால் மிதவையில் கோளாறு இல்லை, அடி வாஷரில்தான் என்றார்.

மிச்ச வேலையை நானே செய்கிறேன் என்றேன். டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கை வடியவிட்டு, ஃப்ளஷ் வால்வைத் திருகிக் கழற்றினேன். போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளைப் பொருக்காக ரப்பரைச் சுற்றிப் படிந்திருந்தது. விறைத்துப்போன ரப்பர் எப்படி அடைக்கும்? வால்வு உட்காரும் இடத்தை எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவிப் புது வாஷர் போட்டேன். சத்தம் நின்றது.

நிமிடத்துக்கு அரை லிட்டர் கசிந்தாலே நாளுக்கு 720 லிட்டர். எங்கள் தொட்டியின் கொள்ளளவு 1,000 லிட்டர்.

வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு முன்னால்தான் அவர்களின் அம்மாவைக் குறை சொல்லியிருந்தேன். அவர்களுக்கு முன்னாலேயே, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "பரவால்லீங்கண்ணா" என்றார் அந்தப் பெண். தண்ணீர் கேட்கவே தயங்கி அவர் படியில் நின்ற காலைகளுக்கு அந்தப் பணம் ஈடாகாது.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களே, குடியிருப்பவர்களிடம் தண்ணீர்க் கணக்குக் கேட்பதற்கு முன், உங்கள் டேங்க் மூடியைத் தூக்கி நாலு சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள்.