சிவப்பிக்குப் பத்தியம்

கோழிக்கு வைத்தியம் பார்த்த கதையை எழுதப் புகுந்தால் அன்பர்களில் சிலர் நகைக்கக்கூடும். "சந்தையில் இன்னொன்று வாங்கினால் ஆயிற்று, இதற்கு ஏனையா இத்தனை பாடு?" என்று கேட்கவும் கூடும். என் அலுவலகத்து நண்பர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். அன்று அவருக்கு விடை சொல்லத் தெரியாமல் விழித்தேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது காளிகாட்டில், ஆதி கங்கைப் பக்கமாகச் செல்லும் சந்து ஒன்றில். மாடியில் வீட்டுக்கார அம்மையார். வங்காள வழக்கப்படி அவரை 'மாசிமா' என்று அழைப்போம். கீழே நானும் என் மனைவியும் ஏழு வயது மகளும். எங்களுக்கென ஒரு சிறு முற்றம் உண்டு. முழுவதும் சிமெண்டுத் தளம். ஒரு மூலையில் மட்டும் பாய் விரிக்கும் அளவுக்கு மண். அதில் ஒரு செம்பருத்திச் செடியும் அதைச் சுற்றிப் புல்லும் வளர்ந்திருக்கின்றன. அந்த மூலைதான் எங்கள் சிவப்பியின் சாம்ராஜ்யம்.

சிவப்பி குழம்புக்காக வந்தவள். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை அவளை வாங்கி வந்து கூடையில் கவிழ்த்து வைத்தேன். ஞாயிறு காலை கூடையைத் தூக்கினால் வைக்கோலில் ஒரு முட்டை! என் மகள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "முட்டை கொடுத்தவளையா கொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். அரைத்து வைத்த மசாலா அன்று உருளைக்கிழங்குக்குப் போயிற்று. சிவப்பி வீட்டில் ஒருத்தி ஆனாள்.

சென்ற மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூடையைத் திறந்தும் அவள் வெளியே வரவில்லை. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி நின்றாள். தீனி வைத்தோம், தொடவில்லை. கழுத்தின் அடியில், மார்புக்குச் சற்று மேலே, ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

மாடியிலிருந்து மாசிமா எட்டிப் பார்த்தார். கோழி வாடி நிற்பதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "இது பறவைக் காய்ச்சலாக இருந்தால் என்ன செய்வாய்? குழந்தை இருக்கும் வீடு! இன்றைக்கே அப்புறப்படுத்திவிடு" என்றார். அவரைக் குறை கூற மாட்டேன். 2008 சனவரியில் வீர்பூம் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் தலைகாட்டி, பிறகு இம்மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். ஒரு நாள் தவணை கேட்டேன். அரைமனத்துடன் இசைந்தார்.

அருகிலிருந்த ஒரு தனியார் வைத்திய சாலைக்கு ஓடினேன். நாய்க்கும் பூனைக்குமே அங்கே வைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி தோன்றாமல் ஊரிலிருக்கும் என் தாயாரைக் கைப்பேசியில் அழைத்தேன். அம்பாசமுத்திரத்துக்கு அருகேயுள்ள எங்கள் சிற்றூரில் அவர் இன்றும் பத்துக் கோழிகளை மேய்க்கிறார். நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். தந்தையார் இரயில்வேப் பணியிலிருக்கும்போதே மறைந்ததால் அவ்வழியில் இங்கே குமாஸ்தாவானவன். தாயாருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். ஆயினும் அன்று அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் தேர்ந்த வைத்தியர் கேட்பவை.

"ஏய்யா, இரைப்பையைத் தடவிப் பார்த்தியா? ராத்திரி தின்னதெல்லாம் விடியுமுன்னே இறங்கியிருக்கணும். விடிஞ்சும் நிறைஞ்சு கிடந்தா அது நோவு. கல்லு மாதிரி இருக்கா, இல்லே தண்ணிப் பை மாதிரி குளுகுளுன்னு இருக்கா? வாயை மோந்து பாரு, புளிச்ச வாடை வருதா?"

தடவிப் பார்த்தேன். பிசைந்த மாவு இறுகினாற்போல் கெட்டியாக இருந்தது. புளித்த வாடை இல்லை. "அப்படின்னா அடைப்புதான். தீனியை நிறுத்து. தண்ணி மட்டும் வை. தனியா, இருட்டா, கதகதப்பா ஒரு இடத்துலே விடு. நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயை அலகு ஓரமா விட்டு, பூப்போலே நீவிக் கொடு. நாளைக் காலையிலேயும் இறங்கலேன்னா கைவைத்தியம் போதாது, டாக்டரைப் பாரு" என்றார்.

அவர் சொன்னபடி செய்துவிட்டு அலுவலகம் போனேன். அங்கேதான் நண்பர் மேற்சொன்ன கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் ஓர் உபாயமும் சொன்னார்: "காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு இரைப்பையை அழுத்துங்கள். எல்லாம் வெளியே வந்துவிடும். பத்து நிமிஷ வேலை!"

நீவுவதும் காத்திருப்பதும் எனக்கு வைத்தியமாகவே தோன்றவில்லை. ஏதாவது ஒன்றைச் செய்து முடித்துவிட வேண்டுமென்று கை துறுதுறுத்தது. மாலையில் வீடு திரும்பியதும், மனைவி தடுத்ததையும் கேளாமல், சிவப்பியைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினேன். அலகிலிருந்து கலங்கிய நீர் சிறிது வழிந்தது. மறுகணம் அவள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறினாள். சிறகுகள் துவண்டன. என் மகள் "அப்பா!" என்று அலறிய அலறலில் நான் அவளை நிமிர்த்திவிட்டேன். இரண்டு மூன்று முறை இருமிய பிறகே மூச்சு சீரானது. என் கைகளின் நடுக்கம் நிற்க வெகுநேரமாயிற்று.

அவ்விரவு வேறொன்றும் செய்யவில்லை. என் மகள் மட்டும் உறங்கும்வரையில் கூடையருகே அமர்ந்து, ஒரு விரலால் அந்தப் புடைப்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. விடிந்ததும் தடவிப் பார்த்தேன். சற்று இளகியிருந்தது, ஆனால் இறங்கவில்லை. தாயார் விதித்த கெடு முடிந்தது. சிவப்பியைக் கூடையில் வைத்து, துணியால் மூடி, வாடகை வண்டி அமர்த்திக்கொண்டு மகளுடன் பேல்காச்சியாவுக்குப் புறப்பட்டேன். 1893-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்த இடம் அது. 1995 முதல் அங்கே கால்நடை, மீன்வள அறிவியல்களுக்கான மாநிலப் பல்கலைக்கழகம் நடைபெறுகிறது. வண்டிச் சத்தம் கோழியின் விலையை விஞ்சிவிட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவர் இளம் பெண்மணி. சிவப்பியைத் தடவியதுமே, "காலையில் வெறும் வயிற்றில் பார்த்தீர்களா?" என்று கேட்டார். என் தாயாரின் முதற் கேள்வி! மெல்லிய குழாய் ஒன்றைப் பக்குவமாக உள்ளே செலுத்தி, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டு, இரைப்பையைக் கழுவினார். புல்லும் சோற்றுப் பருக்கையும் கலந்த ஒரு திரளை வெளியே எடுத்தார். அதனுள் சுருண்டு கிடந்தது ஒரு முழ நீளமுள்ள நூல்.

அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இரு வாரங்களுக்கு முன் காளிக்குச் சாத்திய செம்பருத்தி மாலை ஒன்று பிரசாதமாகக் கிடைத்தது. அது வாடியபின் குப்பையில் எறிய மனம் வரவில்லை. நீர்நிலையில் சேர்க்கச் சோம்பல் இடங்கொடுக்கவில்லை. செடியின் அடியில் போட்டால் பூ எருவாகட்டும் என்று போட்டேன். பூ மட்கியது, நூல் மட்கவில்லை. சிவப்பி அதைப் புழுவென்று எண்ணி விழுங்கியிருக்கிறாள். ஊரார் மேலும் நோய்கள் மேலும் ஐயங்கொண்ட நான், என் கையை ஐயுறவில்லை.

மருத்துவர் சொன்னவற்றை, கோழி வளர்க்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறேன். கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கியது முதலில் இரைப்பையில் தங்கி ஊறும். பிறகு அரைவைப்பைக்குச் சென்று, கோழி கொத்தி விழுங்கிய பொடிக்கற்களால் அரைபடும். சிமெண்டுத் தளத்தில் வளரும் கோழிக்குக் கல் கிடைப்பதரிது. அரைவை தாமதப்பட்டால் மேலே தேங்கும். நீண்ட புல், நூல், பிளாஸ்டிக் இழை ஆகியவை சேர்ந்தால் கயிறாய்த் திரிந்து வழியை அடைத்துவிடும். இரைப்பை கெட்டியாக இராமல் நீர்கொண்ட பைபோலத் தளும்பிப் புளித்த நாற்றம் வீசுமானால், அது பூஞ்சையின் வேலை. அதற்கு மருந்து வேறு. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பதால் அது பெருகவும் கூடும். வாயில் நூல் தொங்கக் கண்டால் பிடித்து இழுக்கலாகாது, உள்ளே அறுத்துவிடும்.

தலைகீழாகப் பிடித்த கதையைத் தலைகுனிந்தபடி சொன்னேன். அவர் சினக்கவில்லை. சிவப்பியின் வாயைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் ஒரு சிறு துளையைக் காட்டினார். "மூச்சுக்குழாய் இங்கே திறந்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் வருவது இதற்குள் இறங்கிவிடும். அடைப்பால் இரண்டு நாள் தாங்கும் கோழி, இதனால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். எண்ணெய் விடும்போதும் இந்த நினைவு வேண்டும்" என்றார்.

பறவைக் காய்ச்சலைப் பற்றியும் கேட்டேன். அது ஒரே கோழியின் இரைப்பையைக் கல்லாக்கும் நோயன்று. தலை வீங்குதல், கொண்டை நீலம் பாரித்தல், பல பறவைகள் திடீரென மடிதல் ஆகியவையே அஞ்சத்தக்க குறிகள். அவற்றைக் கண்டால் தொடாமல் கால்நடைத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்றார். எந்தக் கோழியைத் தொட்டாலும் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள் என்று என் மகளிடம் தனியே சொன்னார்.

பிறகு ஒரு வாரம் சிவப்பிக்குப் பத்தியம். தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின், ஒருநாளைக்கு நான்கைந்து தடவை, ஒவ்வொரு கரண்டி. புல்லை ஒட்ட வெட்டினேன். செடியடியை விரலால் துழாவி எஞ்சிய நூலையெல்லாம் பொறுக்கினேன். ஒரு கிண்ணத்தில் பொடிக்கற்கள் வைத்தோம். பிரசவித்த பெண்ணுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் பத்தியம் போட்டதில்லை என்று என் மனைவி பரிகாசம் செய்தாள். அதில் ஒரு பழைய வழக்கும் கலந்திருந்ததால் நான் வாய் திறக்கவில்லை.

நண்பருக்கு இப்பொழுது விடை சொல்லலாம். சந்தையில் இன்னொரு கோழி கிடைக்கும், மெய்தான். ஆனால் என் கையில் மூச்சுத் திணறியவள் இவள். அவளுக்கு நான் பட்ட கடனை இன்னொன்றுக்குத் தீர்க்க இயலாது. மேலும், ஊரைவிட்டு வந்தபோது என் தாயாரின் அறிவையும் ஊரிலேயே விட்டுவிட்டேன் என்பதை இந்த நோய் வராவிட்டால் அறிந்திருக்கமாட்டேன். இப்பொழுது வாரம் ஒருமுறையாவது அவரை அழைக்கிறேன். முதலில் கோழிகளின் நலத்தை விசாரித்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

நாள்தோறும் விடியலில் என் மகள் சிவப்பியின் இரைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, வீடு முழுவதும் கேட்கும்படி, "காலி!" என்று கூவுகிறாள். மாடியில் விழித்தெழும் மாசிமாவின் செவியில் அது தேவியின் திருநாமமாகவே விழுகிறது. "ஜய் மா!" என்று கைகூப்புகிறார். தமிழ்க் குழந்தைக்கு இவ்வளவு பக்தியா என்று என் மனைவியிடம் வியந்தாராம். நாங்கள் இன்னும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.