திருமழிசை: சந்தை வந்து தங்கிய ஊர்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் திருமழிசை. திருமழிசை ஆழ்வார் பிறந்த தலம். ஜெகந்நாதப் பெருமாள், ஒத்தாண்டேஸ்வரர் என்று இரண்டு பழைய கோயில்கள். கொஞ்சம் தள்ளி சிட்கோ தொழிற்பேட்டை. துணை நகரம் கட்டப்போவதாகச் சொல்லி அரசு எடுத்துவைத்த நிலம் பொட்டலாகவே கிடந்தது. 2020 மே மாதம் சென்னையின் கோயம்பேடு சந்தை அங்கேதான் வந்து இறங்கியது.

ஆழ்வார் காஞ்சியை விட்டுக் கிளம்பியபோது திருவெஃகா பெருமாளே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார் என்பது கதை. கோயம்பேட்டின் பாய் அப்படிச் சுருளக்கூடியதா என்ன! கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் இடம்பெயர்ந்து, மூவாயிரத்துக்கு மேல் கடைகளோடு பெருத்த சந்தை அது. கொரோனா பரவியதால் மே 5-இல் மூடினார்கள். அதற்குள் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மூலம் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை தொற்று போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் திருமழிசையில் வியாபாரம் தொடங்கியது. ஆனால் இடம் கிடைத்தது சுமார் 200 மொத்த வியாபாரக் கடைகளுக்குத்தான்.

அடி விழுந்தது இங்கேதான். கோலார் தக்காளியும் ஊட்டி கேரட்டும் லாரி லோடாக வருபவை. அவற்றை இறக்க மண்டி இருக்கிறது. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரெண்டு மூட்டை வெண்டைக்காய், நாலு கட்டுக் கீரை என்று கொண்டுவருபவரை யார் கவனிப்பார்? அவர் சரக்கை வாங்கிப் பிரித்து விற்பவர் சிறு வியாபாரி. அவரைத்தான் வெளியே நிறுத்திவிட்டார்கள். கீரை விடியலில் விற்றால் காசு, வெயில் ஏறினால் மாட்டுக்கு. ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம் எல்லாம் முடங்கியதால் வாங்கவும் ஆள் குறைவு. நகரத்தில் காய் விலை ஏற, தோட்டத்தில் பறிகூலிகூடக் கட்டவில்லை. விளைச்சலுக்குக் குறைவில்லை, கைமாற வழிதான் இல்லை.

மழை பெய்ததும் பொட்டல் சேறானது. லாரிச் சக்கரம் புதைய, நனைந்த மூட்டைகள் அழுக, வியாபாரிகள் கோயம்பேட்டைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அதிலும் மொத்த வியாபாரிகளின் குரல்தான் எடுபட்டது. இவ்வளவு பெரிய நகரம் ஒரே வாசலில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது எனக்கு இப்போதும் பைத்தியக்காரத்தனமாகவே படுகிறது.

செப்டம்பர் 28-இல் காய்கறி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது. சிறு வியாபாரிகள் அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களை நம்பிய கீரைக்காரர்களும்தான்.