கூடாரம் போட முன்பதிவு வேண்டுமா?

ஜன்டா பாய்க்கில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ஆற்றோரத்தில் பாய் விரிக்கக்கூட இடம் கிடைப்பது கடினம். பள்ளி விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இரவில் இதமான குளிர், காதருகே தண்ணீர்ச் சத்தம். கூட்டம் வராமல் இருக்குமா?

"முன்பதிவு எதுக்கு மச்சான்? நேரா போயி பாத்துக்கலாம்" என்பான் என் மைத்துனன். வார நாளில் நண்பர்களோடு போகிறவருக்கு அவன் சொல்வது சரிதான். அப்போது பல தளங்கள் காலியாகத்தான் கிடக்கும். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால், எங்கள் வீட்டில் அம்மாவும் வருவார், ஐந்து வயது மகளும் வருவாள். இருட்டிய பிறகு அவர்களை வண்டியில் வைத்துக்கொண்டு இடம் தேடி அலைய முடியாது. குடும்பத்தோடு போவதென்றால் என் ஓட்டு முன்பதிவுக்கே.

இடம் உறுதியாவதைவிடப் பெரிய பலன் ஒன்று அதில் இருக்கிறது. விசாரிக்க அவகாசம் கிடைக்கிறது.

2022 டிசம்பர் 16ஆம் தேதி பொழுது விடிவதற்குள் பத்தாங் காலியில் நடந்த மண்சரிவை மறந்திருக்க மாட்டோம். கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மலைச்சரிவு இறங்கியது. குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டனர். அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பிறகு கூறினர். 'இடம் இருக்கிறது, வாங்க' என்று பதில் வந்துவிட்டதால் மட்டும் ஓர் இடம் பாதுகாப்பானதாகிவிடாது.

அதனால் முன்பணம் அனுப்புவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுகிறேன். முகாம் நடத்த உரிமம் இருக்கிறதா? கூடாரத்துக்குப் பின்னால் வெட்டிய மலைச்சரிவு உண்டா? ஆற்று மட்டத்திலிருந்து தளம் எவ்வளவு உயரம்? நள்ளிரவில் தண்ணீர் ஏறினால் வண்டியை எந்த வழியாக வெளியே எடுப்பது? மழை என்றால் தேதியை மாற்றித் தருவீர்களா?

கடைசிக் கேள்வியைச் சிறியதாக நினைக்காதீர்கள். ஓர் இடத்தில், "மழை பெய்தாலும் பணம் திரும்பாது, தேதியும் மாறாது" என்றார்கள். வேறு இடம் பார்த்துக்கொண்டேன். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணம், கொட்டும் மழையிலும் நம்மைக் கிளம்ப வைத்துவிடும்.

தேதியைக் குறிக்கும்போதே பருவத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கரைப் பக்கம் அப்போது வேண்டாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் கவனம் தேவை. நம் தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும், மலை உச்சியில் பெய்த மழை 'கெப்பாலா ஆயர்' ஆகத் திடீரென்று பாய்ந்து வரும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருள்களை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். கூடாரத்தை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.