ஓமைத் திருப்பினால் மோ



வகுப்பில் 'ஓம்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்கிறோம். அதைப் பின்பக்கத்திலிருந்து படித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் ஓ, ஹெச், எம். திருப்பினால் எம், ஹெச், ஓ. 'மோ' என்று வாசிக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி ஒரு அலகு இருந்தது. ஸ்கிராபிள் என்ற எழுத்துக் கட்டை விளையாட்டிலும் இந்தச் சொல் செல்லும். எம்முக்கு 3, ஹெச்சுக்கு 4, ஓவுக்கு 1, ஆக 8 புள்ளி. விடுதியில் கான்வென்டில் படித்து வந்த அண்ணன்மாரோடு ஆடும்போது ஒருநாள் இதை எடுத்து வைத்தேன். "அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுடா" என்றார்கள். அகராதியைப் புரட்டினார்கள். இருந்தது! தமிழ் மீடியத்துக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தச் சொல்லைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. சர் வில்லியம் தாம்சன். வெப்பநிலைக்கு நாம் சொல்லும் 'கெல்வின்' அவர் பெயர்தான், பிரபு பட்டம் பின்னால் வந்தது. 1883-ல் லண்டனில் பொறியாளர்கள் முன்னால் மின் அலகுகளைப் பற்றிப் பேசும்போது, மின்தடைக்கு ஓம் இருக்கிறதே, மின்சாரத்தை விடும் குணத்துக்கு ஒரு அலகு வேண்டாமா என்று கேட்டு, ஓமைத் திருப்பிப் போட்டார். எழுத்தைத் திருப்பியது போதாதென்று குறியையும் திருப்பிவிட்டார்கள். ஓமுக்குப் போடும் ஒமேகாவைத் தலைகீழாகப் போட்டால் மோ. பெரியவர்களும் நம்மைப் போலத்தான் குறும்பு செய்திருக்கிறார்கள்.

குறும்பாக இருந்தாலும் கணக்குக்கு மிகவும் வசதி. 5 ஓம் தடை என்றால் ஒன்றை ஐந்தால் வகுத்து 0.2 மோ. இரண்டு தடைகளைப் பக்க இணைப்பில் போட்டுவிட்டுத் தலையைப் பிய்த்துக் கொள்கிறோமே, அங்கே மோவை வைத்தால் வெறும் கூட்டல்தான். 2 ஓமும் 5 ஓமும் என்றால் 0.5-ஓடு 0.2, ஆக 0.7 மோ. முடிந்தது.

திருப்பப்பட்ட அந்த ஓம் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். கியார்க் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்தவர் இல்லை. ஆனால் தானே கற்றுக்கொண்டு, பட்டறை வேலைக்கு நடுவே இரண்டு பிள்ளைகளுக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்தார். மகன் 1827-ல் தன் விதியைப் புத்தகமாகப் போட்டபோது அவருடைய நாட்டிலேயே பெரிதாக மதிக்கவில்லை. 1833-ல் அவருக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? நியூரம்பர்க் பாலிடெக்னிக்! 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் பேரும் புகழும். பூட்டுக்காரர் மகன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தினார் என்று நூலகத்தில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மோவின் ஆயுள் அவ்வளவு கெட்டியில்லை. 1971-ல் எடை அளவுகளுக்கான பொது மாநாடு கூடி, அதே அலகுக்கு 'சீமன்ஸ்' என்று பெயர் வைத்தது. வெர்னர் ஃபான் சீமன்ஸ் முன்பு 1860-ல் பாதரசத் தூணை வைத்து மின்தடைக்கு ஓர் அலகு செய்தவர். அந்தப் போட்டியில் ஓம் ஜெயித்தது. தடையில் தோற்றவருக்குக் கடத்துதலில் இடம் கொடுத்தார்கள்! ஆனாலும் பழைய வால்வு ரேடியோ அட்டவணைகளில் மோ உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கிறது. எங்கள் ஊர் கடைமடை. கீழக்கொல்லையில் மூன்று மா நிலத்தில் பயிர் திட்டுத் திட்டாகக் கருகிப் போகும். நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா அந்த மண்ணை மஞ்சப்பையில் கட்டி எடுத்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து ஒரு அட்டை வாங்கி வந்தார். அதில் ஒரு வரியில் '6.1 மில்லி மோ' என்று எழுதியிருக்கிறது. கொடுத்தவர், "எல்லாம் அதுலயே இருக்கு, படிச்சுப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டாராம். படிக்கத் தெரிந்தால்தானே! அதை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தார். கொல்லை தரிசாகவே கிடந்தது.

போன பொங்கல் லீவில் அட்டையை என்னிடம் நீட்டி, "ஏன்டா தம்பி, கரண்டுப் படிப்புதானே படிக்கிற, இதுல என்னமோ மோ மோன்னு போட்டிருக்கானாமே, என்னா அது?" என்று கேட்டார்.

சொன்னேன். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. உப்பு கரைந்தால் கடத்தும். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு தகடுகளை விட்டு எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்தால், எவ்வளவு உப்பு என்று தெரிந்துவிடும். நாலு மில்லி மோவைத் தாண்டினால் உவர் மண். நம்முடையது ஆறு.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உப்புன்னு எழுதியிருக்கலாம்ல?" என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வடிகாலைத் தோண்டிவிட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடியவிட்டால் உப்பு கீழே இறங்கும். இதை ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனை போகம் கிடைத்திருக்கும்!

மாசியில் வடிகால் வெட்டினோம், நானும் அப்பாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் தேக்கப் போகிறோம். அதன் பிறகு மறுபடி மண் எடுத்துக் கொடுக்க வேண்டும். புது அட்டையில் மோ இருக்காது, டெசி சீமன்ஸ் என்று இருக்கும். எண் மாறாது, ஒரு செ.மீ.க்கு ஒரு மில்லி மோ என்பதும் ஒரு மீட்டருக்கு ஒரு டெசி சீமன்ஸ் என்பதும் ஒன்றுதான். அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். "பேரு என்னாவா இருந்தா என்னடா, நாலுக்குக் கீழ வருதான்னு பாரு" என்கிறார்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை